பிரேக்கக்கா சேர்த்து வைத்தது

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸ் அட்டையில் மட்டும்தான் இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் அவள் பிரேக்கக்கா. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழே இன்னொரு பிரேக் இருக்கும். பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க அவள் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய கால் அதன்மேலேயே கிடந்தது. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் யாராவது அபத்தமாகப் பேசினால்கூட அவள் பாதம் தானாகத் தரையை அழுத்தும். அந்த வீட்டில் அது அடிக்கடி நடந்தது.

வீட்டில் நான்கு பேர். அவள், அம்மா, லேபிள் அச்சகத்தில் வேலை பார்க்கும் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் தம்பி மனைவி. தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அக்காவுக்கு ஆகவில்லை என்பது அம்மாவுக்குத் தொண்டையில் சிக்கிய முள். அவள் கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுத்தவள் இல்லை. வந்தவர்கள் சரியில்லை, அவ்வளவுதான். பல்செட் செய்யும் ஒருவர், கல்யாணத்துக்குப் பிறகு கண்டவர்களோடு காரில் சுற்றுகிற வேலை வேண்டாம் என்றார். வேண்டாம் என்றால் நீங்கதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து பல நாள் அம்மா பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாக்கியம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. வயசு நிக்காது.

வண்டி பழக வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சொந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். கண் ரோட்டில் இருக்கும், முகம் பார்க்க வேண்டியதில்லை, அதனால் வாய் தாராளமாகிவிடும். அப்படித்தான் அந்த இளம் டாக்டர் வந்தாள். குழந்தை இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் வேலை. ஊசி முனையில் உயிரைப் பிடிக்கிற கை, கியரைப் பிடித்தால் நடுங்கியது. நாற்சந்தியில் வண்டி அணைந்து, பின்னால் ஹாரன் பிய்த்துக்கொண்டிருந்தபோது டாக்டர் நிதானமாகத் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்ணின் கருமுட்டைகளை எடுத்து உறைய வைக்கலாமாம். கல்யாணம் ஆகியிருக்க வேண்டியதில்லையாம்.

பிரேக்கக்கா முதலில் வண்டியைக் கிளப்பச் சொன்னாள். ஓரம் கட்டிய பிறகு விசாரித்தாள். எத்தனை வயசு வரை எடுக்கலாம், வலிக்குமா, எடுத்தால் உடம்புக்கு என்ன ஆகும்.

"உங்களுக்கு இப்ப முப்பத்தி நாலா? இன்னைக்கு எடுத்து வச்சா, பின்னாடி எப்ப வெளிய எடுத்தாலும் அதுக்கு முப்பத்தி நாலுதான்," என்றாள் டாக்டர். "ஆனா ஒண்ணு. கண்டிப்பா குழந்தை வரும்னு நான் சொல்ல மாட்டேன். அது ஒரு வாய்ப்பு. அவ்வளவுதான்."

அந்த வாய்ப்பு என்ற வார்த்தையைப் பிரேக்கக்கா காதில் வாங்கிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் அதை வாங்கிக்கொண்டது அவள் ஒருத்திதான்.

யோசிக்க அவளுக்கு நிறைய நாள் பிடிக்கவில்லை. பயத்தில் ஒருவனைக் கட்டிக்கொள்வதைவிட இது மேல் என்று பட்டது. சொந்தமாக ஒரு கார் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை இதற்குத் திருப்பினாள். தம்பி மனைவியிடம் மட்டும் சொன்னாள். மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள், கூட ஓர் ஆள் வேண்டும்.

அதற்கு முன்னால் தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பேனா மாதிரியான ஊசி. குளிரில் வைக்க வேண்டும் என்பதால் ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அந்த ஃப்ரிட்ஜில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு தக்காளிகூட அழுகியதில்லை. மறுநாளே பார்த்துவிட்டாள். பார்த்தவள் மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தானே ஒரு முடிவுக்கு வந்தாள்.

அடுத்த நாளிலிருந்து பிரேக்கக்காவின் டீயில் சர்க்கரை நின்றது. மறந்துவிட்டாள் போல என்று முதல் நாள் நினைத்தாள். இரண்டாவது நாள் சோறு பாதியாகக் குறைந்தது. பிறகு சித்தி வீட்டிலிருந்து ஏதோ கசப்புப் பொடி ஒரு டப்பா வந்தது. மேல்வீட்டு அம்மாள் மாடிப்படியில் நிறுத்தி, கால்ல புண்ணு வராமப் பாத்துக்கோ என்று உருக்கமாகச் சொன்னபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, எனக்குச் சுகர் இல்லை."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு முட்டை எதற்கு என்று கேட்டாள். அதை எடுத்துவிட்டால் உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் நம்மைப் பார்த்துவிட மாட்டார்களா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி முடித்தபோது பிரேக்கக்காவுக்கு வாய் வலித்தது. அம்மா அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். "வெளிய யாராவது கேட்டா சர்க்கரைன்னே இருக்கட்டும்."

ஆக, ஊருக்கு அவள் சர்க்கரை நோயாளியானாள். விசேஷங்களில் அவளைத் தாண்டி இனிப்புத் தட்டு போனது. சித்தி பொடி அனுப்புவதை நிறுத்தவே இல்லை.

முட்டைகளை எடுத்த நாளில் தம்பி மனைவி கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். திரும்பும்போது அவள்தான் தம்பியின் காரை ஓட்டினாள். ஓட்டக் கற்றுக்கொடுத்ததே பிரேக்கக்காதான். ஆனாலும் தம்பியின் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. அரை மயக்கத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழி முழுவதும் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தாள். அண்ணி, நீங்க தூங்குங்க, நான் பாத்துக்கறேன் என்று தம்பி மனைவி ஒவ்வொரு சிக்னலிலும் சொன்னாள்.

இரண்டு வருஷம் அந்த விஷயம் யார் வாயிலும் வரவில்லை. அதன் பிறகு மேல்வீட்டு அம்மாளின் மகளுக்கு, வெகுகாலம் குழந்தை இல்லாமல் இருந்து, வைத்தியத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அந்த அம்மாள் ஒளிக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன மெஷின், கரு வளர்வதைக் கேமரா வைத்துப் படம் எடுத்துப் போனுக்கு அனுப்பினார்கள் என்று மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் படம் காட்டினாள். நாலைந்து குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தைப் பார்த்துப் பெரியவன் அப்பா ஜாடை என்று அவள் சொன்னதைக் கேட்டதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இதெல்லாம் என்ன பிரமாதம், எங்க பொண்ணு அப்பவே எடுத்து வச்சுட்டா என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றோடு சர்க்கரை நோய் குணமானது.

இனிமேல் அது மறைக்க வேண்டிய விஷயம் இல்லை, சொத்து. வரன் பேச வருகிறவர்களிடம் பெண்ணின் படிப்பு, வேலை, அதற்கடுத்து ஃப்ரீசர் என்று அம்மா வரிசையாகச் சொன்னாள். வயசைப் பத்திக் கவலையே படாதீங்க, எல்லாம் எளசா இருக்கும்போதே எடுத்தது என்பாள், முருங்கைக்காய் விற்பதைப் போல. பிரேக்கக்கா பக்கத்து அறையில் தலையில் அடித்துக்கொள்வாள். டாக்டர் சொன்ன வாய்ப்பு என்ற வார்த்தையை அம்மாவுக்கு எத்தனை முறை நினைவூட்டினாலும், ஆமாம் ஆமாம், வாய்ப்பு என்பாள். அடுத்த ஆளிடம் போய் உத்தரவாதம் கொடுப்பாள்.

குளியலறைச் சாமான் கடைக்காரர் ஒருவர் தன் அத்தையோடு வந்தார். அத்தை பெண்ணைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்து, எத்தனை இருக்கு என்றாள். அம்மா சொன்னாள். ஆண் பிள்ளையாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்க முடியுமா என்று அத்தை கேட்டாள். முட்டையில் ஆண் பெண் கிடையாது என்று பிரேக்கக்கா சொன்னாள். அத்தை அதை நம்பவில்லை. இவ்வளவு தூரம் வந்தவங்க அதைக் கண்டுபிடிக்காமலா இருப்பாங்க என்றாள். அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி, அந்த ஆஸ்பத்திரியில கரன்ட் போனா என்ன பண்ணுவாங்க என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றாள் அவள். "என்னைப் பத்தியும் ஏதாவது கேக்கலாம்."

அவர் அத்தையைப் பார்த்தார். இது சரிவராது என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பிரேக்கக்கா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள். பொரிந்து முடித்ததும் அவளுக்கே ஒன்று தோன்றியது. முன்னெல்லாம் இப்படி ஒருவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அன்றிரவு தூக்கம் வராது. ஒருவேளை இதுதான் கடைசியோ என்று இருக்கும். இப்போது பசிதான் எடுத்தது. அந்த முட்டைகளால் தனக்கு இதுவரை கிடைத்தது இந்த நிம்மதிதான், இதை எந்த அத்தையிடம் போய்ச் சொல்வது என்று சிரித்தாள். தம்பி மனைவியும் சிரித்தாள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். குழந்தை ஏன் தங்கவில்லை என்று தனக்குச் செய்த பரிசோதனையின் முடிவு மறுநாள் வருகிறது என்றாள்.

முடிவு நல்லதாக இல்லை. முப்பத்தொரு வயதில் அவளுக்குக் கருமுட்டைகள் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டிருந்தன. சிலருக்கு அப்படி ஆகும், காரணம் சொல்ல முடியாது, அவள் செய்த தப்பு ஒன்றும் இல்லை என்று பழைய மாணவியான அந்த டாக்டர் விளக்கினாள். இன்னொரு பெண் தானமாகக் கொடுக்கும் முட்டையை வாங்கி, கணவனின் அணுவோடு சேர்த்துக் கருவாக்கி, இவள் வயிற்றில் வைக்கலாம். சுமப்பது, பெறுவது எல்லாம் இவள்தான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் தெளிவாக இருந்தாள். எல்லோரும் கை கழுவும் வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"யாரோ ஒருத்திகிட்டப் போய் எதுக்கு வாங்கணும்? நம்ம வீட்டுதே இருக்கில்ல."

பிரேக்கக்காவின் கால் தரையை அழுத்தியது. தம்பி என்ன சொல்கிறான் என்று பார்த்தாள். அவன் தண்ணீர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே, அக்காவுக்குச் சம்மதம்னா எனக்கு ஒண்ணுமில்லை என்றான். அவன் படித்தவன். அச்சகத்தில் மருந்து பாட்டில்களுக்கு லேபிள் சரிபார்க்கிறவன்.

"டேய்," என்றாள் அவள். "முட்டை மட்டும் இருந்தாக் குழந்தை வந்துராது. அதுல உன்னோடதும் சேரணும். என்னோடதும், உன்னோடதும்."

அவனுக்கு உறைக்கச் சற்று நேரமானது. கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே வந்து, டம்ளரை வைத்துவிட்டு, எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். அம்மாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. ஒரே ரத்தமாக இருந்தால் நல்லதுதானே, பிள்ளைக்கு நம் ஜாடை வரும் என்றாள்.

"அம்மா, அவன் என் தம்பி."

"தெரியும். நான்தான் பெத்தேன்."

அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று பிரேக்கக்காவுக்குத் தெரியவில்லை. மேஜையைப் பார்த்தபடி, அக்கா தம்பிக்குக் குழந்தை பிறந்தா அதுக்குப் பேர் என்னம்மா என்று மெதுவாகக் கேட்டாள். அம்மாவின் கை வாய்க்குப் போனது.  பிறகும் மனசு கேட்கவில்லை. விஞ்ஞானம் இவ்வளவு வளந்திருக்குன்னு சொல்றாங்க, இதுக்கு ஒரு வழி வச்சிருக்க மாட்டாங்களா, கொஞ்சம் கழுவிக் கிழுவி என்றாள்.

 இதைக் கேட்டதும் தம்பி மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கை துடைக்கும் துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எப்போது அது அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா எழுந்து போய் அவள் முதுகைத் தடவினாள். தப்பா ஒண்ணும் நினைச்சுச் சொல்லலைம்மா என்றாள். அது உண்மைதான். அம்மா எதையும் தப்பாக நினைத்துச் சொல்வதில்லை. அதுதான் அவளோடு சண்டை போடுவதில் உள்ள கஷ்டம்.

அதன் பிறகு மாதங்கள் வீணாயின. அம்மாவுக்கு யாரோ என்ற வார்த்தை பிடிக்கவில்லை. யாரோ ஒருத்தி என்றால் எந்த மாதிரிப் பெண், எப்படிக் குணம் என்று கவலைப்பட்டாள். தம்பி ஒவ்வொரு சாயங்காலமும் போனில் ஒரு புதுக் கட்டுரை படித்துவிட்டு வந்தான். ஒரு நாள், பொறுத்துப் பார்க்கலாம், தோலிலிருந்தே முட்டை தயாரிக்க ஆராய்ச்சி நடக்கிறதாம் என்றான். எலிகளுக்கு என்று கீழே சின்ன எழுத்தில் இருந்ததைத் தம்பி மனைவி படித்துக் காட்டினாள். வரப்போவதை எல்லாம் மதிக்கிற மனுஷன் இருக்கிறதைத் தொடப் பயப்படுகிறானே என்று பிரேக்கக்காவுக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் கடையிலிருந்து திரும்பும்போது தம்பி மனைவி காரில் கேட்டாள்.

"அண்ணி, அது என் குழந்தையா இருக்குமா?"

 பிரேக்கக்கா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சொல்வார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் பெத்ததில்லை. உனக்கு வேணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு. மத்தவங்களை நான் பாத்துக்கறேன்."

வேண்டும் என்றாள்.

மறுநாள் டயரைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லித் தம்பியை டிரைவிங் ஸ்கூல் காரில் ஏற்றிக்கொண்டாள். ஊரைச் சுற்றிப் போகும் அகலச் சாலையில் ஏறியதும், நீ ஒரு முடிவு சொல்கிறவரை வீட்டுப் பக்கம் திருப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு சுற்று முழுக்க அவன் கட்டுரைகளைப் பற்றிப் பேசினான். இரண்டாவது சுற்றில் அம்மாவைப் பற்றிப் பேசினான். மூன்றாவது சுற்றில் பெட்ரோல் விளக்கு எரிந்தபோது உண்மை வந்தது. பின்னாளில் ஏதாவது சண்டை வந்தால், இது உன் பிள்ளைதானே, என் பிள்ளை இல்லையே என்று மனைவி சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பயம்.

"இதை என்கிட்ட எதுக்குடா சொல்றே? அவகிட்டக் கேளு."

கேட்டான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் பேசியது என்னவென்று யாருக்கும் தெரியாது. மறுநாள் இரண்டு பேரும் கண் வீங்கி வெளியே வந்தார்கள். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதல் தடவை தங்கவில்லை. இரண்டாவது தடவை தங்கியது.

பெண் குழந்தை. அம்மா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, மூக்கு என் மூக்கு என்று அறிவித்தாள். யாரோ ஒருத்தி என்ற பேச்சு அந்த நிமிஷத்தோடு போயிற்று. அத்தோடு எல்லாமே போயிற்று. மருந்து, ஊசி, கண்ணாடித் தட்டில் ஐந்தாறு நாள் அந்தக் கருவைக் காத்தவர்கள், யாருமே கதையில் இல்லை. சிகிச்சை நடந்த நாட்களில் அம்மா தினமும் காலையில் கேரட்டும் பீட்ரூட்டும் அடித்துக் கொடுத்திருந்தாள். அதுதான் குழந்தையைக் கொண்டுவந்தது என்று இப்போது மாடிப்படியில் நின்று சொன்னாள். அக்கம்பக்கத்தில் குழந்தைக்காகக் காத்திருந்த பெண்களுக்கு எத்தனை கேரட்டுக்கு எத்தனை பீட்ரூட் என்று சொல்லிக்கொடுத்தாள். மேல்வீட்டு அம்மாளே வந்து கேட்டுக்கொண்டு போனாள்.

தம்பி மனைவியை உறுத்தியது வேறு. அந்த முட்டையைக் கொடுத்த பெண்ணைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்றாள். அந்தப் பெண்ணின் பெயரை ஆஸ்பத்திரி சொல்லாது. ஆனால் அவளும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருப்பாள், மயக்கம் தெளிந்து யாரோ ஓட்டிய வண்டியில் வீட்டுக்குப் போயிருப்பாள். குழந்தையிடம் இதைச் சொல்லியே வளர்க்கப் போகிறேன் என்றாள். அம்மாவும் தம்பியும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். அவள் அவர்களோடு வாதாடவில்லை. தாலாட்டுகிற வேளையில், உன்னை வரவைக்க ஒரு சித்தி ஒரு முத்து கொடுத்தா என்று தினமும் குழந்தையிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். கொஞ்ச நாளில் கூட்டுவதை விட்டுவிட்டாள்.

பிரேக்கக்காவுக்குக் கல்யாணம் நடந்தது நாற்பது வயதில். லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது கோட்டைத் தொட்டாலே ஃபெயில் போட்டுவிடுவார். அவளுடைய மாணவிகளில் பாதிப் பேர் அவரிடம் அழுதவர்கள். அவர்களுக்காக அவள் போட்ட சண்டை அந்த அலுவலகம் முழுக்கப் பிரசித்தம். அவர் வேறு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போன பிறகு டயர் கடையில் பார்த்துக்கொண்டார்கள். சண்டை போட விஷயம் இல்லாததால் பேச வேண்டியதாயிற்று. அவர் விவாகரத்து ஆனவர், குழந்தை இல்லை.

அவர் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா வழக்கம்போல ஃப்ரீசர் பேச்சைத் திறந்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அது அவங்களோடது, அதுல நான் கேக்க என்ன இருக்கு என்றார். பிறகு ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டார். ஆர்வமே இல்லாத மனுஷன் என்று அம்மா உள்ளே வந்து உதட்டைப் பிதுக்கினாள். பிரேக்கக்கா அந்த நிமிஷத்தில்தான் முடிவு செய்தாள்.

முட்டைகளை வெளியே எடுக்கலாம் என்று சொன்னவள் அவள்தான். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், உனக்கு உடம்பு தாங்குமா என்று. டாக்டர் இப்போது அந்த ஆஸ்பத்திரியில் பெரியவள் ஆகியிருந்தாள். தானே போன் செய்து சொன்னாள். உருக்கியதில் பாதிதான் தாங்கியது. தாங்கியதில் இரண்டு மட்டும் கருவாக வளர்ந்தன. முதலாவது ஒட்டவில்லை. இரண்டாவது ஒட்டியது. அம்மா மறுபடி கேரட் வாங்கினாள். சில வாரங்கள் கழித்து, திரையில் தெரிந்த புள்ளியில் துடிப்பு இல்லை என்று டாக்டர் மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு, டாக்டராக இல்லாமல், பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

படுக்கையில் கிடந்தவளைப் பார்க்க அம்மா வந்தாள். வந்த வேகத்திலேயே, ஏமாத்திட்டாங்க என்றாள். இத்தனை வருஷம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, மெஷின் மட்டம், மேல்வீட்டுக்காரி சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். பிரேக்கக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள்.

"அன்னைக்கே அந்தப் பொண்ணு சொல்லுச்சும்மா, வாய்ப்புதான்னு. நீ காதுல வாங்கலை. வந்தா உன் ஜூஸ், வரலைன்னா அவங்க மெஷினா?"

 அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் யார் மேலதான் கோபப்படறது?" என்றாள்.

 இரண்டு பேரும் அழுதார்கள். வாசலில் டீ டம்ளரோடு வந்த இன்ஸ்பெக்டர் அப்படியே பின்வாங்கினார், கதவில் இடித்துக்கொண்டார். ரிவர்ஸ் என்று பிரேக்கக்கா அழுகைக்கு நடுவே முனகினாள்.

அதன் பிறகு அவர்கள் முயற்சி செய்யவில்லை. டாக்டர் வேறு வழிகளைச் சொன்னாள். இருவரும் யோசித்துவிட்டு, போதும் என்றார்கள். எடுத்து வைத்தது வீணாகிவிட்டதே என்று யாராவது சொன்னால் அவளுக்கு ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அது இல்லாமலிருந்தால் பல்செட்டுக்கோ குளியலறைச் சாமானுக்கோ கழுத்தை நீட்டியிருப்பேன் என்பாள். ஆனால் வருத்தம் இல்லை என்றும் சொல்ல மாட்டாள். தம்பி மகள் விடுமுறை நாட்களில் அவள் வீட்டில்தான் கிடப்பாள். எனக்கு ஒரு சித்தி முத்து குடுத்தாங்க, உங்களுக்கு யாரும் குடுக்கலையா அத்தை என்று அது ஒரு நாள் கேட்டது. என்கிட்டயே இருந்துச்சு, முளைக்கலை என்றாள். குழந்தை சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டது. பெரியவர்கள் யாரும் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதில்லை.

போன மாதம் வண்டி பழக வந்த ஒரு பெண், நாற்சந்தியில் சிக்னலுக்கு நிற்கும்போது, அக்காவுக்கு எத்தனை பிள்ளைங்க என்று கேட்டாள். இல்லை என்றதும் முகம் வாடி, கவலைப்படாதீங்கக்கா, இப்பல்லாம் டெக்னாலஜி எவ்வளவோ வந்திருச்சு, முட்டையையே எடுத்து உறைய வைக்கிறாங்களாம், நீங்க கேள்விப்பட்டதில்லையா என்று விளக்கத் தொடங்கினாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் கேட்டது. அவள் விளக்கிக்கொண்டே இருந்தாள்.

"கேள்விப்பட்டிருக்கேம்மா," என்றாள் பிரேக்கக்கா. "நீ முதல்ல கிளட்ச்சை மிதி."